சுந்தராம்பாள் தேடிய வசியப் புத்தகம்

“இது வேணாம் பாய். நல்ல மூலிகை வசியப் புக்கா ஒண்ணு எடு.”

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருக்கும் அன்வர் பாஷாவுக்குப் பகீரென்றது. கேட்டது சுந்தராம்பாள். மருமகள் வசந்தாவை ரெண்டு தடவை அவலூர்பேட்டை பஸ்ஸில் தாய்வீட்டுக்கு ஏற்றிவிட்ட மகராசி. அதுவும் இந்தக் கடை எதிரிலேயே!

அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து நீட்டிய பழைய புத்தகத்துக்கு 1984 காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. ஒரு பக்கத்தின் மேல்முனை மடித்திருந்தது. நிலாவாரை இலையை அரைத்துக் குழம்பில் கலக்கச் சொல்லியிருந்தது.

“யக்கா, இது பேதி மருந்தாச்சே! கலந்தாச்சா?”

“கலந்தாச்சு. மூணு நாளு வயித்தால போச்சு.”

“யாருக்கு?”

“அது உனக்கு இன்னாத்துக்கு? புக்க காட்டு.”

அடிப்பாவி! அந்தப் பெண் இந்நேரம் எழுந்து நடக்கிறாளோ இல்லையோ! பாஷாவுக்குக் கோபமான கோபம். இந்தப் புத்தகங்களை அடுக்கி விற்பவரே தாம்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

சுந்தராம்பாள் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“இதுல எருக்கம்பாலு. வேணாம். இதுல ஊமத்தங்கா. தூக்கிப் போடு. இது இன்னா... மோருல துளசி. ம், இது போதும்.”

பழைய புத்தகத்தின் அட்டைத் தாளைக் கழற்றிப் புதுசுக்குப் போட்டாள். துளசிப் பக்கத்தின் முனையை மடித்தாள்.

பாஷாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“வேணாம் யக்கா. வசந்தா பாவம். அந்தப் பொண்ண விட்டுடுங்க.”

“யாருய்யா பாவம்? வயித்தால போனது எனக்கு! பழைய புக்குல அந்த மடிப்ப எடுத்துட்டுப் படி.”

மடிப்பை நீக்கினார். அடியில் மறைந்திருந்த தலைப்பு: ‘மாமியார் மனம் இளக.’

“அரிசிப் பானையில ஒளிச்சி வெச்சிருந்தா. ரெண்டு தபா தொரத்துனேன். திரும்பி வந்து, என் மனச மாத்த மருந்து தேடிக்கினு இருக்கா. நான் பெத்ததுங்க எனக்காக ஒரு பக்கம் படிச்சதில்ல பாய்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி யக்கா, அப்ப இந்தப் புக்கு எதுக்கு?”

“அதே பானையில வெச்சிடறேன். வசந்தா மோரு குடுத்தான்னா குடிச்சிட்டு, வசியம் ஆன மாதிரி இருந்துக்கறேன்.”