டெய்லர் சொன்ன பிரசங்கம்

டெய்லர் புளுகுகிறார் என்று டீச்சருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று.

வெளிநாட்டிலிருந்து வந்த போதகர் தன் மொழியில் பிரசங்கம் செய்ய, பக்கத்தில் நின்று அதை ஊர் மொழியில் சொல்வது டெய்லரின் வேலை. சபையில் வேறு யாருக்கும் போதகரின் மொழி தெரியாது. டீச்சருக்குத் தெரியும். மகனோடு அந்த நாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு, போன வாரம்தான் திரும்பியிருந்தார்.

போதகர் சொன்னது நாலே வரி. நூறு ஆடு, அதில் ஒன்று தொலைந்தது, மேய்ப்பன் தேடிப் போனான்.

டெய்லரோ ஆட்டுப் பக்கமே போகவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல என் கடைக்குட்டியைக் காணோம். மத்த பிள்ளைங்களை பெஞ்சுல உட்கார வெச்சுட்டு, செருப்புகூட இல்லாம ஓடினா என் பொண்டாட்டி. ஏன், அதுங்க மேல பாசம் இல்லாமலா? பிள்ளையைத் தூக்கிட்டு வந்தப்புறம்தான் பார்க்கிறேன், அவ காலெல்லாம் ரத்தம். கடவுளும் அப்படித்தாங்க நம்மளைத் தேடி ஓடி வர்றார்!"

சபையே மூக்கை உறிஞ்சியது. டீச்சரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. எவ்வளவு உருகிப் பேசினாலும் பித்தலாட்டம் பித்தலாட்டம்தானே?

போதகர், பாவம், ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை போலிருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் டீச்சர் நேரே போதகரின் அறைக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே டெய்லர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தாலே வெட்கத்தில் நெளிகிற ஆள். பூனை மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை பார்க்கிறார்!

போதகரின் மொழியிலேயே போட்டு உடைத்தார் டீச்சர்.

"ஐயா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட அவர் சொல்லல. உங்க தலையில நல்லா மிளகாய் அரைக்கிறார். அடுத்த வாரத்துலேருந்து நான் மொழிபெயர்க்கிறேன். அவரை நிறுத்திடுங்க."

போதகர் பதறி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, தணிந்த குரலில், தங்குதடையில்லாத ஊர் மொழியில் சொன்னார்:

"டீச்சரம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நீங்களே பிரசங்கம் பண்ணுங்கன்னு கேட்டதுக்கு, அந்த மனுஷன் பயந்துபோய் ஒரு மாசம் சபைப் பக்கமே வரல. எனக்கு உங்க பாஷை தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா பேச்சையே நிறுத்திடுவார். அப்புறம் எனக்கு யாரும்மா பிரசங்கம் பண்றது?"