இரண்டாவது குரல்

"கிரீன்," என்றார் அவர்.

பதில் வரவில்லை.

ரயில் என்ஜினின் முன்கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. வைப்பர் ஒருமுறை துடைத்தது. தூரத்தில், தண்ணீருக்குப் பின்னால், சிக்னல் விளக்கு ஒரு பொட்டாகத் தெரிந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்து எப்போதும் ஒரு குரல் வரும். அவர் சொன்ன நிறத்தையே அதுவும் சொல்லும்.

விதி அப்படியில்லை. என்ஜினில் இருக்கும் இருவரும் அவரவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் உதவி ஓட்டுநர்களாக வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் மூத்தவர். அவர் பச்சை என்றால் அவர்களுக்கும் பச்சை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னவர்கள் உண்டு.

இப்போது அந்த இருக்கையில் இருக்கும் இவள் வேலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

"யெல்லோ, சார்."

அவர் மறுபடியும் பார்த்தார்.

பச்சை.

மஞ்சள் என்றால் அதற்கடுத்த சிக்னல் சிவப்பு. சிவப்புக்கு அப்பால் எதுவும் நின்றுகொண்டிருக்கலாம். பின்னால் பெட்டிகள் முழுக்க ஆட்கள். சாயங்கால வண்டி. வீடு திரும்புகிறவர்கள்.

பச்சைதான்.

கொஞ்ச காலமாகவே விளக்குகளைச் சுற்றி அவருக்கு ஒரு வளையம் தெரிகிறது. மழை என்று நினைத்துக்கொண்டார். மழையில்லாத நாட்களில் தூசி என்று நினைத்துக்கொண்டார். வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கண் பரிசோதனை. பிறகு என்ஜினிலிருந்து இறக்கி, ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்துவிடுவார்கள்.

"யெல்லோ," என்றாள் மறுபடியும். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

'கிரீன்தான்மா' என்று அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும். அவளும் கிரீன் என்பாள். அதன்பிறகு இந்த என்ஜினில் இரண்டு கண்கள்தான் இருக்கும்.

அவருடைய இரண்டு கண்கள்.

அவர் பிரேக்கைப் பிடித்தார்.

வண்டி முனகியது. பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வேகம் குறைந்தன. வாக்கிடாக்கி கரகரத்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு.

"என்னண்ணே, வண்டி நடந்து போகுது? இறங்கித் தள்ளணுமா?"

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் நெருங்கி வந்தது. மழையை விலக்கிக்கொண்டு தெளிவாக வந்தது.

பச்சை.

அவள் தலை குனிந்தது.

"சாரி சார். கிரீன்தான்."

முதலிலிருந்தே பச்சையா? மஞ்சளாக இருந்து, முன்னால் போன வண்டி விலகியதும் மாறியதா? அப்படியும் மாறும். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தான் பார்த்ததுதான் சரி என்று ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

அதற்குப் பதிலாகப் பழைய குரல்கள் வந்தன. கிரீன், கிரீன், கிரீன் என்று பக்கத்திலிருந்து வந்த அத்தனை குரல்களும். அவற்றில் எத்தனை விளக்கைப் பார்த்துச் சொன்னவை? எத்தனை அவருடைய குரலே திரும்பி வந்தவை? அந்தக் குரல்களை நம்பி அவர் பாலங்களைக் கடந்திருக்கிறார். பள்ளி விடும் நேரத்தில் லெவல் கிராசிங்குகளைக் கடந்திருக்கிறார். முழு வேகத்தில்.

வாக்கிடாக்கி மறுபடியும் கரகரத்தது.

"அண்ணே? இருக்கீங்களா?"

அவள் வாக்கிடாக்கியைப் பார்த்தாள். பிறகு அவரை. அந்தப் பொண்ணு தப்பாப் பார்த்துட்டா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதே அலைவரிசையில் அடுத்த ஸ்டேஷனும் கேட்கும். நாளை ஓய்வறையில் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவள் வாழ்நாள் முழுக்க யாருக்கும் வேறு நிறம் சொல்லமாட்டாள்.

அவர் வாக்கிடாக்கியை எடுத்தார்.

"எனக்குப் பச்சையாத் தெரிஞ்சுது. பொண்ணுக்கு மஞ்சளாத் தெரிஞ்சுது. எது சரின்னு எனக்குத் தெரியல. அதான் பிடிச்சேன்."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. வெறும் கரகரப்பு. "சரிண்ணே," என்றது குரல். அதில் கேலி இல்லை. கார்டுக்கும் தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டதோ என்று அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வண்டி மெல்ல வேகமெடுத்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை விடவில்லை.

வளைவு தாண்டியதும் அடுத்த விளக்கு.

அவருக்கு நிறம் தெரிந்தது. தெரிந்ததாக நினைத்தார். நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ முதல்ல சொல்லும்மா."

அவள் சட்டென்று முன்பக்கம் திரும்பினாள்.

வைப்பர் துடைத்தது. தண்ணீர் மூடியது. துடைத்தது.

விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தார். கண்ணாடியில் அவள் முகம் விழுந்திருந்தது. பக்கத்தில் அவர் முகமும். அவள் கண்கள் விளக்கின் மேல் இல்லை. கண்ணாடிக்குள் தெரிந்த அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார்.

பிரேக்கைத் தேடிப்போனது கை.