இல்லாத மீனுக்கு வைத்தியம்

“உங்க மீனுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு மேடம்?” என்றது போனில் ஒரு தேன் குரல்.

அவள் அப்போது ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, நின்றுபோன லிஃப்டின் கூரைமேல், கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்ட் பழுது பார்ப்பவளுக்கு ஏது மீன்? வீட்டில் மீன் படம்கூடக் கிடையாது.

தெரியாத எண் என்று எடுக்காமல் விடவும் முடியாது. அவள் பார்க்கும் லிஃப்டுகளில் எல்லாம் ஒட்டியிருப்பது அவளுடைய எண்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் கொஞ்ச நாளாகக் கூப்பிடுகிற எவனும் எங்கேயும் மாட்டிக்கொண்டவன் இல்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, முடி கொட்டுகிறதா என்று ஓயாமல் பிடுங்கி எடுத்தார்கள். ஒருவன் அவளுக்கு மாப்பிள்ளையே பார்த்துவிட்டானாம்.

காலையில் பொறுக்க முடியாமல் ஓர் அழைப்பைத் திட்டித் துண்டித்தாள். அது நிஜமாகவே மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளைத்தாய்ச்சி. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இப்போது இவன், மீனுக்கு மருந்து விற்கிறான்.

“யாருய்யா உனக்கு நம்பர் குடுத்தது?”

மீன் வளர்ப்பவர்களின் இணைய மன்றத்தில் நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள் என்றான் அவன், நோகாமல்.

அவனைத் துண்டித்துவிட்டு, போனிலேயே அந்த மன்றத்தில் தன் எண்ணைத் தேடினாள். வந்து விழுந்தது. அப்பாவின் முழுப்பெயர், கதவு எண், தெரு, இறங்க வேண்டிய பேருந்து நிறுத்தம். அதன் கீழே, ‘எனக்குக் காது மந்தம், மகளின் எண்ணுக்கு அழைக்கவும்’ என்று அவளுடைய எண். அதற்கும் கீழே, ‘பகலெல்லாம் நான் தனியாக வீட்டில்தான் இருப்பேன். கதவு திறந்தே இருக்கும்.’

திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது என்றால் இதுதான்.

லிஃப்டை ஓடவைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு வந்தாள்.

கதவு திறந்தே கிடந்தது. அப்பா சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“என் வேலையே போகப்போகுது. இல்லாத மீனுக்கு வைத்தியம் ஒரு கேடா உங்களுக்கு?”

அப்பா தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகவரி இல்லாத எதுவும் போய்ச் சேராது என்பது அவருடைய வேதம்.

“பேரும் அட்ரஸும் இல்லாம எழுதுனா அது மொட்டைக் கடுதாசிம்மா,” என்றார்.

அவள் டேப்லெட்டைப் பிடுங்கினாள். ஒவ்வொரு பதிவாக அழிக்க ஆரம்பித்தாள்.

‘தங்கமீனை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டலாமா?’

அதன் கீழே ஊரே கூடிச் சிரித்திருந்தது. பெரியவருக்குக் கழன்றுவிட்டது என்று ஒருவன் எழுதியிருந்தான். அழித்தாள்.

‘மீனுக்குச் சளி பிடித்தால் வெந்நீர் ஊற்றலாமா?’

அழித்தாள். இந்த மனிதரின் அசட்டுத்தனத்துக்கு அவள் பிழைப்பும், குடும்பத்தின் பெயரும், வீட்டு வாசலும் விலையா? திரையைக் குத்திக் குத்தியே அழித்தாள். கிரீஸ் கறை திரை முழுக்க அப்பியது.

அப்பா தடுக்கவில்லை. கடைசிப் பதிவும் போன பிறகு, காலி மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“மீனைப் பத்தி யாராவது தப்பாப் பேசினா அவனுக்குப் பொறுக்காதும்மா. எங்க இருந்தாலும் திருத்த வந்துடுவான்.”



இந்த வீட்டில் ‘அவன்’ என்றால் தம்பி. படிப்பைக் கெடுக்கிறது என்று அப்பா அவனுடைய மீன்தொட்டியைத் தெருவில் போட்டு உடைத்த அன்று, பையைத் தூக்கிக்கொண்டு போனவன். அதற்குப் பிறகு இவர்கள் வீடு மாறினார்கள், எண்களும் மாறின. எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் பெயரை அப்பா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கோபம் போய்விடும் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. தொட்டியை உடைத்த அப்பாமேல், போனவன் போனவனாகவே இருந்த தம்பிமேல், இரண்டு வீம்புக்கு நடுவே நாள் முழுக்கக் கண்டவனுக்கும் பதில் சொன்ன தன்மேல் அது இன்னும் ஏறியது.

ஊரான் கண்ணில் ஏன் எல்லாவற்றையும் கடை பரப்ப வேண்டும், அவன் தனியாகச் செய்தி அனுப்ப இந்த மன்றத்திலேயே வழி இருக்கிறது, அது அவனுக்குத் தெரியும் என்று அப்பாவின் காதருகே கத்தினாள். கத்திக்கொண்டே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். பெயர் கேட்ட இடத்தில் ‘கொசு’ என்று போட்டாள். எண் இல்லை, தெரு இல்லை, எதுவுமே இல்லை.

‘தங்கமீன் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்காது என்று மிலிட்டரி அடித்துச் சொல்கிறார். சரிதானா?’

கொசு என்று அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். மிலிட்டரி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அக்காவும் தம்பியும் மட்டும் புழங்கிய பெயர்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“மிலிட்டரி யாரும்மா?”

“வந்தான்னா அவனையே கேளுங்க,” என்று சொல்லி, அனுப்பு பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.