தேரையைத் தொட்ட கை

"மேனேஜருக்கு வயிறெல்லாம் சிவந்துபோச்சு டாக்டர். தீனியையும் தொடமாட்டேங்குறார்."

மருமகள் பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேரை, ஆபீஸ் கவலையெல்லாம் தன் தலையில்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தது. அந்த முகத்துக்காகவே வைத்த பெயர்.

"இது தேறலேன்னா ஞாயித்துக்கிழமை வீட்டைவிட்டு வெளிய போயிடணும். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மாமியார். தீர்ப்பைத் தன் காதால் கேட்கவே கூட வந்திருந்தாள்.

மருத்துவர் ஈரக் கையுறையோடு தேரையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கிற தேரை தோலை மொத்தமா உரிச்சுத் தானே தின்னுடும். இதுக்குத் துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு நிக்குது. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்துறீங்களா?"

"இல்ல டாக்டர், ஒரு நாள் பிடிச்சு வெச்ச தண்ணிதான். நான் வேலைக்குப் போயிடுவேன். பகல்ல வீட்ல இருந்து இவர்தான் பாத்துக்கிறார்."

கணவன் நிமிர்ந்து நின்றான். "ரெண்டு வேளையும் நான்தான் தண்ணி மாத்துறேன் டாக்டர். கையில எடுத்துக் கொஞ்சினாத்தான் அவன் கண்ணை மூடுவான்."

மருமகளுக்கு மனசு குளிர்ந்தது.

"கையில சோப்பு, க்ரீம், தைலம் ஏதாவது?"

"சேச்சே! வெறும் தண்ணியில கழுவிட்டுத்தான் தொடுவேன்."

"அப்ப வேற யாரோ தொடுறாங்க. தேரை தோலாலதான் தண்ணி குடிக்கும். நம்ம கையில இருக்கிறதும் சேர்ந்து உள்ள போயிடும். அதை நிறுத்தாம மருந்து போட்டுப் பிரயோஜனமில்ல."

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? அதைப் பாத்தாலே எனக்குக் குமட்டும். நானாவது, தொடுறதாவது!"

மருத்துவர் சொட்டு மருந்தோடு ஒரு பொட்டலம் ஊதாத் தூளையும் எடுத்து வைத்தார். "வெறுங்கையால தொட்டவங்களுக்கு உள்ளங்கை பூரா மரு முளைக்கும். இதைத் தண்ணியில கரைச்சு, இன்னைக்கே கையை முக்கி எடுத்துட்டா வராது. தொடாதவங்களுக்கு வேண்டாம்."

கிளம்பும்போது மருமகளை மட்டும் நிறுத்தி, காதில் ஏதோ சொன்னார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

மறுநாள் காலை சமையலறையில் கணவன் டீ போட்டுக்கொண்டிருந்தான். "நேத்தே முக்கிட்டேன்மா. ரெண்டு கையும், முழங்கை வரைக்கும்!" என்று அங்கிருந்தே மனைவிக்குக் குரல் கொடுத்தான்.

கூடத்தில் மாமியார், சூடான பாத்திரம் இறக்கும் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு செய்தித்தாளைப் புரட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை இது?"

"குளிருது."

தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது.

"தேரையைத் தொட்டா யாருக்கும் மரு வராது அத்தை. அந்தத் தூள் பட்டாத்தான் கையில பழுப்புக் கறை பிடிக்கும், லேசுல போகாது. டாக்டர் என் காதுல சொன்னது அதைத்தான்."

மாமியார் கையுறைகளைக் கழற்றினாள். இரண்டு உள்ளங்கைகளும் காப்பிப்பொடி நிறம்.

"தண்ணிகூட மாத்தாம நாள் பூரா ஒத்தையில கிடந்துச்சு, பாவம். நான்தான் மாத்தினேன். அப்படியே முதுகைத் தடவிக் கொடுத்தேன். முட்டிக்குத் தைலம் போட்ட கைன்னு தோணவே இல்லடி."

"தண்ணிகூட மாத்தாமயா?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இரண்டு கைகளிலும் டீக் கோப்பைகளோடு வந்து நின்றான் கணவன். கைகள் இரண்டும் ஒரு பொட்டுக் கறையில்லாமல் பால் வெள்ளை.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வெளிய போகணும்னு சொன்னேன், சொன்னதுதான்" என்றாள் மாமியார். "இவனை அனுப்பிடு."