யாரோ ஒருவரின் குரல்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு சிங்கராயர் மடிக்கணினி வழியாகத்தான் பேசினார். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவர் குரலைப் பதிந்து வைத்திருந்தார்கள். அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அதே குரலில் சொல்லும். ஒருநாள் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கணினி அணைந்துபோய், சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுவிட்டன. பேசும் மென்பொருள் திறக்கவே இல்லை.

பழுது பார்க்கும் கடையில் ஜெனிட்டா அதை மறுபடி நிறுவப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பாதியில் பிழை காட்டி நின்றது. கெட்ட ஃபைல்களை மாற்றிய பின்புதான் ஒருவழியாக ஏறியது.

"ஓடுது சார். ஆனா உங்க குரல் இருந்த ஃபைலை மீட்க முடியல. வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா?"

"இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு" என்றாள் அவர் மனைவி அமலோற்பவம்.

"அப்ப மென்பொருளோட வர்ற குரல்தான் பேசும்."

சிங்கராயர் கணினியை மடியில் வாங்கி ஒரே ஒரு சொல்லைத் தட்டினார்.

"அமலு" என்றது யாரோ ஓர் இளைஞனின் குரல்.

கணவரைத் தவிர எவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் திடுக்கிட்டு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுங்க. பழகிக்கிறேன்."

அவர் விரல்கள் எழுத்துகளின் மேல் அசையாமல் நின்றன. மெல்லக் கணினியை மூடிவிட்டு, கை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார்.