கொடியில் ஈரத் துணி

நீலச் சட்டையை முன்னால் போடுவதா, மஞ்சள் கவுனையா? கவுனே இருக்கட்டும். குழந்தை உள்ள வீடு என்று பார்த்ததும் தெரியும்.

மாடி வராந்தாவில் நின்று அவள் கவுனை உதறினாள். இரண்டு வருடமாக அதே அளவுக் கவுன். வெயிலில் வெளுத்திருந்ததே தவிர, எங்கும் ஒரு கறை இல்லை.

திட்ட அதிகாரி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். பழைய தெருவுக்கு வண்ணமடித்து, வரலாற்றுப் பலகை மாட்டி, வெளியூர்க்காரர்களை வரவழைப்பது அவர் வேலை.

“அக்கா, கமிட்டி தெருமுனைக்கு வந்தாச்சு. ‘வாழும் பாரம்பரியத் தெரு’ன்னு பட்டம் மட்டும் குடுத்துட்டாங்கன்னா, நம்ம தெரு எங்கயோ போயிடும்.”

“தெரு எங்க சார் போகும்?”

“இந்தக் கிண்டலை அவங்ககிட்ட காட்டிடாதீங்க. கேட்டா, இருபத்திரண்டு குடும்பம், எல்லாரும் சௌக்கியம். அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் நம்ம ஆபீஸ் வாட்ச்மேன், அதை மறந்துடாதீங்க.”

மறக்கவில்லை. அவருடைய முட்டிவலிக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலையை வேறு யார் கொடுப்பார்கள்? எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பழகி, வேண்டாம் என்று எப்படித் தொடங்குவது என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

மாடியேறி வந்த கமிட்டி அம்மா கொடியைப் பார்த்துச் சிரித்தார். “கவுன் அழகா இருக்கே. பாப்பா எங்க?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கு மேடம்,” என்று அதிகாரி முந்திக்கொண்டார்.

“மத்தவங்க?”

“வேலைக்கு. நீங்களே பாருங்க, இருபத்திரண்டு வீட்டுலயும் துணி காயுது. ஒருத்தர்கூட தெருவை விட்டுப் போகலை.”

“ரொம்ப நல்லது.” அவர் கோப்பைத் திறந்தார். “ரிப்பேருக்காகக் காலி பண்ணிட்டு, முடிஞ்சதும் திரும்பி வர்றவங்கன்னு ஒரு பட்டியல் இருக்கு. யாருமே போகலைன்னா, அதை அடிச்சிட்டு, அவங்களுக்குன்னு ஒதுக்கி வச்ச மிச்ச வீடுகளை ஹோட்டலுக்குக் குடுத்துடலாம். தெருவாசி ஒருத்தர் கையெழுத்து போதும். போடுங்கம்மா.”

பேனா அவள் ஈரக் கைக்குள் வந்துவிட்டது. காகிதத்தில் பெயர்கள் வரிசையாக இருந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் குழந்தைகளின் வயதும் போட்டிருந்தது.

“போடுங்கக்கா, மேடம் காத்திருக்காங்க,” என்றார் அதிகாரி. குரலில் தேன். பார்வை மட்டும் கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவரிடம் போய் நின்றது.

அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி, மெதுவாகக் கமிட்டி அம்மாவிடமே நீட்டினாள்.

“இந்தத் தெருவுல துணி மட்டும்தான் குடியிருக்கு மேடம். நான் அதை நனைச்சுப் போட தினமும் பஸ்ஸுல வர்றவ.”