பேரும் வயதும்

காலை ஐந்தரை மணிக்கு மருது சுவரில் காதை ஒட்டவைத்து நின்றிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுப் பியூலா அவனுடைய சாவை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சாகப்போகிறாய் என்றும், அதற்குள் வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள் என்றும் குரல் நிறுத்தி நிதானமாக வந்தது. அதற்கடுத்த வரிகள் வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்டன. பிறகு, “ஆண்டவரே, நாற்பத்தேழு வயது வீரபாண்டியனை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்” என்றாள்.

அதற்குமேல் கேட்க மருதுவுக்குத் தெம்பில்லை. சுவரை விட்டு விலகிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இன்றோடு மூன்று நாள்.

தெருவில் எல்லோருக்கும் அவன் மருதுதான். வீரபாண்டியன் என்பது டிரைவிங் லைசென்ஸைப் பார்த்தால்தான் அவனுக்கே ஞாபகம் வரும் பேர். அந்தப் பேர் இவளுக்கு எப்படிப் போனது, அதுவும் வயதோடு?

பியூலா குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. தனி ஆள். செக்காலை ரோட்டில் ஏதோ டைப் அடிக்கிற வேலை. காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் இருட்டித்தான் திரும்புவாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் விடியும் நேரத்தில் வேதத்தை விரித்து அன்றைக்குரிய பகுதியை வாசிப்பாள், அதை வைத்தே ஜெபத்தை ஆரம்பித்து, சிலரைப் பேர் சொல்லி அழுவாள். ஒற்றைச் செங்கல் சுவர், எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும்.

ஆடியில் “அறுபத்திரண்டு வயது முத்தப்பன்” என்று ஒரு வாரம் அழுதாள். தெருமுனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த முத்தப்பன் அந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். ஐப்பசியில் “ஐம்பத்தொன்பது வயது நாச்சியம்மை” என்றாள். அடுத்த தெரு ஆச்சி தீபாவளியைப் பார்க்கவில்லை. அவள் பேர் சொல்லியும் பிழைத்து நடமாடுகிறவர்கள் உண்டா என்று தேடிப் பார்க்க மருதுவுக்குத் தோன்றவில்லை. பயந்தவன் கண்ணுக்குச் செத்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள்.

அவன் மனைவி பாண்டீஸ்வரிக்குச் சந்தேகமே இல்லை, இது செய்வினைதான். சிங்கம்புணரிச் சந்தையில் மூட்டையைத் தூக்கி வேனில் போட்ட மனுஷன், மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே வந்து, இப்போது நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறான். டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக் குடித்தாயிற்று, எடுக்கச் சொன்ன டெஸ்ட் எடுத்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

“கோயில்ல அர்ச்சனைன்னா பேரும் நச்சத்திரமும் நாமதான குடுக்குறோம்? குடுக்காம பூசாரி வாயில வந்துருமா? ஒங்க பேர அவகிட்ட யாரோ குடுத்திருக்காக. யாருன்னு கேட்டுட்டு வாங்க” என்றாள்.

மருதுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பங்காளிகள் முகம் ஒவ்வொன்றாக மனதில் வந்து போனது.

ஏழரை மணிக்குப் பியூலா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சண்டை போடத்தான் மருது போனான். ஆனால் அந்தப் பத்தடி நடந்ததற்கே மூச்சு முட்டியது. குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

“ஏம்மா, நான் ஒனக்கு என்ன செஞ்சேன்? ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குதுக. என்னைய விட்ரும்மா.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மருது முத்தப்பனைச் சொன்னான், ஆச்சியைச் சொன்னான், இன்று காலை அவள் வாசித்த சாவுச் செய்தியையும் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த மிரட்சி போய் இரக்கம் வந்தது.

வாசித்தது சாகக் கிடந்த ஒரு ராஜாவின் கதை என்றாள். அந்த ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாராம். கடவுள் மனமிரங்கி இன்னும் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுத்தாராம். அதே மாதிரி இன்னொருவருக்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டதாகவும், அண்ணன் பாதியிலேயே காதை எடுத்துவிட்டதாகவும் சொல்லி லேசாகச் சிரித்தாள்.

“அதுவும் நீங்க இல்லண்ணே, வேற யாரோ. நீங்க எதுக்குப் பயப்படுறீக? ஒங்க பேரு மருதுதான?”

மூன்று நாளில் முதல்முறையாக அவன் நெஞ்சு லேசானது.

“அது கூப்புடுற பேரும்மா. ஆதார்ல வீரபாண்டியன். வர்ற தையில நாப்பத்தெட்டு.”

பியூலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தொளதொளவென்று தொங்கிய அவன் சட்டையைப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் இன்னும் கன்றிப்போயிருந்த ஊசித் தடத்தைப் பார்த்தாள்.

அவள் பார்க்கிற விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தான்.

“என் பேர ஒங்கிட்ட யாரும்மா குடுத்தது?”

அவள் துடைத்த துணியைச் சீட்டில் போட்டாள். ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“எங்க லேப்ல ரிப்போர்ட் இன்னும் வாங்கலையாண்ணே?”